கண்ணாடித் தட்டில் கிளைவிடும் குருதி நாளங்கள்



நிலைக்கண்ணாடியின் முன் நின்று உங்கள் கண்ணைச் சற்றே உற்று நோக்குங்கள். வெள்ளை விழியின்மீது செந்நூல் இழைகள் போலச் சில இரத்தக் குழாய்கள் ஓடுவதைக் காண்பீர்கள். அவை வளைந்தும் கிளைத்தும் கருவிழியை நெருங்கி வருகின்றன. அதன் விளிம்பை எட்டியதும் நின்றுவிடுகின்றன. கருவிழியின் முன்புறத்தைக் கடிகாரக் கண்ணாடி போல் மூடியிருக்கும் கார்னியா என்னும் படலத்தில் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதனாலேயே அது பளிங்கெனத் தெளிந்திருக்கின்றது. ஒளி தடையின்றி உள்ளே செல்கின்றது. நீங்கள் இவ்வரிகளைப் படிக்கின்றீர்கள்.

இரத்தக் குழாயே இல்லாத இந்தச் சிறு வெளியைத்தான் மருத்துவ ஆய்வாளர் சிலர் தங்கள் சோதனைக் களமாகத் தேர்ந்தெடுத்தனர். வெற்று நிலத்தில் ஒரு செடி முளைத்தால் அது உடனே கண்ணில் படும் அல்லவா? அதுபோலக் கார்னியாவில் புதிதாக ஒரு நாளம் முளைத்தால் ஐயத்திற்கு இடமின்றிக் காணலாம், அளக்கலாம், நாள்தோறும் குறித்து வைக்கலாம். மனித உடலில் இரத்தக் குழாய்கள் எவ்வாறு வளர்கின்றன என்பதை உடலுக்கு வெளியே அறிந்துகொள்ள ஆய்வுக்கூடங்கள் அமைத்த மாதிரிகளைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச எண்ணுகின்றேன். நான் பட்டப்படிப்பில் பயின்றது வரலாறு. ஆகவே வேதியியல் சூத்திரங்களுக்கு அஞ்சி எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டியதில்லை.

முதலில், இரத்தக் குழாய் வளர்வது எதற்காக? நம் உடலின் செல்கள் பிராண வாயுவையும் உணவையும் இரத்தத்திலிருந்தே பெறுகின்றன. அந்தப் பரிமாற்றம் நடைபெறுமிடம் பெரிய தமனியோ சிரையோ அன்று. தந்துகி எனப்படும் நுண்நாளம்தான். அதன் உட்புறம் எவ்வளவு ஒடுங்கியது என்றால், சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் உடலைக் குறுக்கிக்கொண்டே நுழைந்து செல்ல வேண்டியிருக்கின்றது. பெரும்பாலான செல்கள் இத்தகைய ஒரு நுண்நாளத்திலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு தொலைவிற்குள் இருந்தாக வேண்டும். அதற்கப்பால் பிராண வாயு எட்டாது.

இந்நுண்நாளங்களின் வரலாற்றில் இப்னுன் நஃபீஸின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திமிஷ்கில் பிறந்து, கெய்ரோவில் மருத்துவராக விளங்கி, 1288 இல் மறைந்தவர் அவர். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நடுச்சுவரைத் துளைத்து இடப்புறம் செல்வதில்லை, நுரையீரல் வழியாகவே சுற்றி வருகின்றது என 1242 இல் எழுதியதோடு, நுரையீரலின் தமனிக்கும் சிரைக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத வழிகள் இருக்க வேண்டும் என்றும் உய்த்துணர்ந்தார். நம் மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். எஞ்சிய செய்தியையும் கூறிவிட வேண்டும். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628 இல் இரத்த ஓட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டபோதும் அந்த இணைப்பு வழிகளை அவரால் காட்ட இயலவில்லை. இத்தாலியின் மால்பிஜி 1661 இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோதுதான் அவை முதன்முதலாக மனிதக் கண்ணுக்குத் தெரிந்தன.

குழந்தை கருவிலிருக்கும்போதும் பின்னர் வளரும்போதும் இந்நாளங்கள் மும்முரமாகப் பெருகுகின்றன. வளர்ந்த மனிதரிடமோ அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. காயம் ஆறும்போதும், பெண்களுக்கு மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் புதுப்பிக்கப்படும்போதும், கருவுற்ற காலத்திலும் அவை மீண்டும் கிளைவிடுகின்றன. வேலை முடிந்ததும் நின்றுவிடுகின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் வளர்ந்தாலும் நோய். வளர வேண்டிய இடத்தில் வளராமல் போனாலும் நோய்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கின்றார். நெடுங்காலமாகச் சர்க்கரை நோயுள்ளவர். அவருடைய விழித்திரையில் வேண்டாத புது நாளங்கள் முளைத்து, இரத்தம் கசிந்து, பார்வை மங்கியது. அவற்றை ஒடுக்குவதற்காகக் கண்ணில் ஊசி போட்டனர். அதே ஆண்டில் அவருடைய காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் போய், இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. அங்கே போதிய இரத்த ஓட்டமும் இல்லை; புண்ணை ஆற்றும் அளவுக்குப் புது நாளங்களும் வளரவில்லை. ஒரே மனிதர், ஒரே நோய். கண்ணில் மிகை, காலில் குறை. இது எவ்வாறு என அவர் என்னிடம் வினவியபோது விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. நம் மஹல்லாவில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

இத்துறையின் தந்தை என்று கருதப்படுபவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். யூத மதகுரு ஒருவரின் மகன். இளம் வயதில் தந்தையோடு மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்து வந்தவர், மதகுருவாவதை விட்டு மருத்துவராக விரும்பினார். மதகுருவின் பரிவோடு மருத்துவம் செய்யலாம் எனத் தந்தை அவரை வாழ்த்தி அனுப்பியதாக அவரே பலமுறை கூறியிருக்கின்றார்.

1960களின் தொடக்கத்தில் ஃபோக்மன் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். நெடும்பயணம் செல்லும் கப்பல்களில் கெடாமல் வைத்திருக்கத்தக்க, இரத்தத்திற்கு ஈடான ஒரு திரவத்தை உருவாக்குவதே அங்கு அவருக்கிட்ட பணி. அத்திரவத்தைச் சோதிப்பதற்காக, உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் குழாய்களில் அதைச் செலுத்தி உயிரோடு காத்தனர். அச்சுரப்பிக்குள் எலியின் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தியபோது விந்தையொன்று நிகழ்ந்தது. கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதாவது நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகின் அளவு வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. செத்துவிட்டதோ என்று பார்த்தால், இல்லை. அதையே எடுத்து எலியின் உடலில் வைத்ததும் பெருங்கட்டியாக வளர்ந்தது. கலத்திலிருந்த கட்டிக்கும் எலியிலிருந்த கட்டிக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான்: எலியினுள் இருந்த கட்டியை நோக்கிப் புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேர்ந்திருந்தன.

இதிலிருந்து ஃபோக்மன் கண்ட முடிவு 1971 இல் வெளியாயிற்று. புற்றுக் கட்டி தானாகப் பெருப்பதில்லை. ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அண்டையிலுள்ள நாளங்களைத் தன்பால் கிளைவிடச் செய்கின்றது. அக்கிளைகளைத் தடுத்தால் கட்டி கடுகளவிலேயே நின்றுவிடும் என்றார். அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கட்டியைச் சுற்றித் தென்படும் நாளங்கள் வெறும் வீக்கத்தின் விளைவு என்றனர். அவர் பேச எழுந்தால் அவையிலிருந்து சிலர் எழுந்து சென்றதும் உண்டு. வாதத்தால் இதனைத் தீர்க்க இயலாது, கண்ணால் காட்ட வேண்டும். அங்கேதான் மாதிரிகள் தேவைப்பட்டன.

தொடக்கத்தில் கூறிய முயலின் கார்னியா அவற்றுள் ஒன்று. கட்டியின் சிறு துணுக்கை அப்படலத்தினுள் பை போல் ஒரு பிளவு செய்து வைத்தனர். சில நாள்களில் விழியின் விளிம்பிலிருந்து நாளங்கள் கிளைத்து அத்துணுக்கை நோக்கி நேராக வளர்ந்து வந்தன. இன்னொன்று, அடைக்கு வைத்த கோழிமுட்டை. ஓட்டில் சிறு சாளரம் போல் வெட்டித் திறந்தால், குஞ்சின் சுவாசத்திற்கென ஓட்டின் உட்புறம் ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு தென்படும். அது முழுவதும் நாளங்களால் நிறைந்தது. அதன்மேல் சோதிக்க வேண்டிய பொருளை ஒரு துளி வைத்து, நாளங்கள் அதை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். செலவு குறைவு, முடிவும் விரைவில் கிட்டும். இன்றளவும் முட்டை வழி கைவிடப்படவில்லை.

எனினும், முயல் முயல்தான், கோழி கோழிதான். மனிதனின் நாளத்தை எங்கே பெறுவது? வாழும் மனிதரின் குழாயை வெட்டியெடுக்க முடியாதல்லவா? விடை பிரசவ அறையிலேயே இருந்தது. நாம் காலங்காலமாக மண்ணில் புதைத்து வந்த, மருத்துவமனைகளில் கழிவோடு கழிவாகப் போய்க்கொண்டிருந்த தொப்புள்கொடிதான் அது.

தொப்புள்கொடியினுள் மூன்று குழாய்கள் ஓடுகின்றன: இரண்டு தமனிகள், ஒரு சிரை. சிரையே அகன்றது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயின் இசைவோடு கொடியைப் பெற்று, அச்சிரையின் இரத்தத்தைக் கழுவி நீக்குகின்றனர். பின் அதன் ஒரு முனையைக் கட்டி, கொலாஜினேஸ் என்னும் நொதியை உள்ளே நிரப்பிச் சில நிமிடங்கள் இளஞ்சூட்டில் வைக்கின்றனர். குழாயின் உட்சுவரில் தரையோடு பதித்த ஓடுகளைப் போல ஒரே அடுக்காக ஒட்டியிருக்கும் செல்களின் பிடியை நொதி தளர்த்திவிடுகின்றது. மீண்டும் கழுவினால் அச்செல்கள் திரவத்தோடு வெளியே வந்துவிடும். அவற்றைத் தட்டிலிட்டு ஊட்டம் கொடுத்தால் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்குகின்றன. நியூயார்க்கில் எரிக் ஜாஃபேயும் அவருடைய தோழர்களும் 1973 இல் இம்முறையை நம்பத்தக்கதாக நிலைநாட்டினர். அடுத்த ஆண்டிலேயே பாஸ்டனில் ஃபோக்மன் குழுவினரும் இதே செல்களை வளர்த்துக் காட்டினர். உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்று மிகுதியாகக் கையாளப்படும் மனித நாளச் செல்கள் இவையே. ஏதோ ஒரு தாய் வேண்டாமென விட்டுச் சென்ற கொடி, எத்தனையோ மருந்துகளின் முதல் படியாய் இருந்து வருகின்றது.

செல்கள் பெருகுவது ஒன்று. அவை குழாயாக உருவெடுப்பது மற்றொன்று. நுண்நாளங்களிலிருந்து பிரித்த செல்களைத் தட்டில் நெடுநாள் வளர்த்த ஃபோக்மனும் ஹாடன்ஷைல்டும் 1980 இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். உடலும் இல்லை, இதயமும் இல்லை, இரத்தமும் இல்லை. அச்செல்கள் தட்டிலேயே தாமாகச் சுருண்டு, ஒன்றோடொன்று இணைந்து, உட்புறம் துளையுள்ள குழாய்களாகவும் கிளைகளாகவும் அமைந்தன. குழாயை எவ்வாறு கட்டுவது என்னும் அறிவு அச்செல்களுக்குள்ளேயே பொதிந்திருந்தது. இதைப் படித்தபோது நான் நெடுநேரம் பக்கத்தைப் புரட்டாமல் அமர்ந்திருந்தேன். எனக்குத் தோன்றியது உங்களுக்கும் தோன்றும். அதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

பின்னர் வந்த மேட்ரிஜெல் என்னும் கூழ் இவ்வேலையை மிகவும் எளிதாக்கியது. அக்கூழைத் தட்டில் பரப்பி, அதன்மேல் தொப்புள்கொடிச் செல்களைத் தூவினால், ஒரே இரவுக்குள் வலைப்பின்னல் போன்ற அமைப்பு தோன்றிவிடும். 1988 இல் அறிமுகமான இச்சோதனையைக் கல்லூரி மாணவர்கூடச் செய்ய முடியும். ஆயினும் எளிமைக்கு ஒரு விலை உண்டு. மனித நாளத்தை ஆராய்கின்றோம் என்று கூறிக்கொண்டாலும், அக்கூழ் எலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. மேலும், நாளச் செல்களே அல்லாத வேறு சில செல்களும் அதன்மேல் அதேபோன்ற வலையைப் பின்னிவிடுகின்றன. தொப்புள்கொடிச் சிரையோ பெரிய குழாய். அதுவும் பிறந்த சிசுவினுடையது. அதன் செல்கள் அறுபது வயதுக்காரரின் விழித்திரை நுண்நாளத்தைப் போல் நடந்துகொள்ளும் என்று எவ்வாறு உறுதி கூறுவது? இந்தக் குறைகளை ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளின் கடைசிப் பகுதியில் ஒப்புக்கொள்கின்றனர். நாளிதழ்ச் செய்தியாளர்கள் அக்கடைசிப் பகுதி வரை செல்வதில்லை.

ஒரு சிறு நிகழ்வைச் சொல்லிவிடுகின்றேன். ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் 1980களில் டொனால்ட் இங்பர் என்னும் இளைஞர் நாளச் செல்களை வளர்த்து வந்தார். ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் கண்டால் என்ன செய்வோமோ அதையே ஆய்வுக்கூடத்திலும் செய்வது வழக்கம்: தூக்கி எறிவது. இங்பர் எறிவதற்கு முன் நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சணத்தின் அருகேயிருந்த செல்கள் மடியவில்லை. ஆனால் படர்ந்திருந்தவை உருண்டு திரண்டு, பெருகுவதை நிறுத்தியிருந்தன. அப்பூஞ்சணம் சுரந்த பொருளிலிருந்து நாள வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு மருந்து உருவாக்கப்பட்டு, 1990 இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நரம்பு மண்டலத்தில் தொல்லைகள் தோன்றியதால் அது பெருவழக்கிற்கு வரவில்லை. இங்பரை மீண்டும் சந்திப்போம்.

இனி, 1998 மே மாதத்திற்கு வருவோம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஞாயிறு முதற்பக்கத்தில், ஃபோக்மனின் ஆய்வுக்கூடம் கண்டறிந்த ஆஞ்சியோஸ்டேட்டின், எண்டோஸ்டேட்டின் என்னும் இரு பொருள்கள் எலிகளின் புற்றுக் கட்டிகளை அடியோடு மறையச் செய்தன என்னும் செய்தி வெளியாயிற்று. புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்றே உலகம் பொருள் கொண்டது. அம்மருந்துக்கு உரிமை பெற்றிருந்த நிறுவனத்தின் பங்கு விலை மறுநாளே பன்மடங்கு ஏறியது. மரணப் படுக்கையிலிருந்த நோயாளிகளும் அவர்தம் உறவினரும் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசி செய்து தங்களுக்கு அம்மருந்தைத் தருமாறு மன்றாடினர். ஃபோக்மனோ, தம் மருந்தால் எலிகளின் புற்றுநோயைத் தீர்க்க முடியும் என்பதற்கு மேல் எதையும் கூற மறுத்துவிட்டார். அவருடைய எச்சரிக்கையே சரியாயிற்று. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் எண்டோஸ்டேட்டினால் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கவில்லை. அதன் சற்றே மாற்றிய வடிவம் ஒன்று சீனாவில் மட்டும் 2005 இல் நுரையீரல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது.

அந்த வாரத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஓர் எலிக் கூண்டிற்கும் ஒரு நோயாளியின் கட்டிலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அவர்களுக்கு எவரும் கூறவில்லை. ஆய்வுக்கூடத்து எலியின் கட்டி சில வாரங்களில் வேகமாக வளர்வது. அதன் நாளங்கள் இளமையானவை. மருந்துக்கு எளிதில் பணிபவை. மனிதரின் கட்டியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, முதிர்ந்த நாளங்களையும் கொண்டிருப்பது.

இதனால் ஃபோக்மனின் கருத்து பொய்த்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். நாள வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் என்னும் புரதத்தை அமெரிக்காவில் நெப்போலியோனி ஃபெராராவின் குழுவினர் 1989 இல் பிரித்தெடுத்து இனங்கண்டனர். அதைக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004 இல் பெருங்குடல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. வழக்கமான மருந்துகள் மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 15.6 மாதங்களும், இதனையும் சேர்த்துப் பெற்றவர்கள் 20.3 மாதங்களும் வாழ்ந்தனர். ஐந்து மாதத்திற்கும் குறைவான நீட்டிப்பு. ஒரு குடும்பத்திற்கு அது சிறிதன்று. ஆனால் 1998 இல் வாக்களிக்கப்பட்டதாக உலகம் எண்ணிய ஒன்றும் அன்று. மார்பகப் புற்றுக்கு 2008 இல் இதே மருந்துக்கு அமெரிக்காவில் அளிக்கப்பட்ட ஒப்புதல், ஆயுளை நீட்டியதற்குச் சான்றில்லை எனக் கண்டு 2011 இல் திரும்பப் பெறப்பட்டது.

எதிர்பாராத பெரும்பயன் கண்ணில்தான் கிட்டியது. வி.இ.ஜி.எஃப்பைத் தடுக்கும் மருந்துகளைச் சிறிதளவு கண்ணுக்குள் செலுத்தினால் வேண்டாத நாளங்கள் ஒடுங்குகின்றன, கசிவு குறைகின்றது. எங்கள் தெருப் பெரியவருக்குப் போட்ட ஊசி இவ்வகையைச் சேர்ந்ததே. காலின் கதை அவ்வளவு மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. நாளத்தை ஒடுக்குவதினும் வளரச் செய்வது கடினம் என்று தெரிகின்றது. நாள வளர்ச்சிக்கான மரபணுவைக் காலின் தசையில் ஊசி மூலம் செலுத்தும் முறை, விலங்குகளிடமும் சிறு சோதனைகளிலும் நம்பிக்கையூட்டியது. 500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 2011 இல் வந்தபோது, கால் அகற்றப்படுவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இத்தகைய ஏமாற்றங்களே, மனிதச் செல்களைக் கொண்டு மனித உடலை ஒத்த மாதிரிகளை அமைக்கும் முயற்சிக்கு வேகமூட்டின. நாம் முன்னர்க் கண்ட இங்பர், ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் தம் குழுவினரோடு 2010 இல் ஒரு நுரையீரல் ‘சிப்’பை வெளியிட்டார். கணிப்பொறிச் சில்லுகளைச் செதுக்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டு, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பரில் மயிரிழை போன்ற வாய்க்கால்களை அமைத்து, ஒருபுறம் நுரையீரல் செல்களையும் மறுபுறம் நாளச் செல்களையும் வளர்த்து, மூச்சு விடுவதைப் போல் அதை விரியவும் சுருங்கவும் செய்தனர். இதே வழியில் 2013 இல் கிறிஸ்டோபர் சென் குழுவினர், கொலாஜன் கூழில் இரு நுண்வாய்க்கால்களை அருகருகே அமைத்தனர். ஒன்றில் மனித நாளச் செல்கள். மற்றொன்றில் வளர்ச்சிப் பொருள்கள். முதல் வாய்க்காலிலிருந்து கிளைகள் கிளம்பிக் கூழைத் துளைத்து மற்றதை எட்டி, இரண்டையும் இணைத்தன. அவற்றின் வழியே திரவமும் ஓடியது. தட்டில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: ஓட்டம். ஆற்றின் கரை நீரோட்டத்தால் உருப்பெறுவது போல, நாளச் செல்களும் தம்மீது இரத்தம் உராய்ந்து செல்லும் விசையை உணர்ந்தே தம் வடிவத்தை அமைத்துக்கொள்கின்றன.

2019 ஜனவரியில் வியன்னாவிலிருந்து வந்த செய்தி இதனினும் ஒரு படி மேலானது. யோசெஃப் பெனிங்கரின் குழுவினர், எந்த உறுப்பாகவும் மாறவல்ல மனிதக் குருத்தணுக்களிலிருந்து முழு நாள அமைப்புகளையே வளர்த்தனர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டைக்குள் நாளச் செல்களும், அவற்றை வெளியிலிருந்து அணைத்துத் தாங்கும் துணைச் செல்களும், அவற்றைப் போர்த்திய அடிச்சவ்வும் அமைந்திருந்தன. எலியின் உடலில் பதித்தபோது அவை எலியின் இரத்த ஓட்டத்தோடு இணைந்து, தமனியாகவும் சிரையாகவும் வேறுபட்டு வளர்ந்தன. அடுத்து அவர்கள் செய்ததுதான் நமக்கு வேண்டியது. அவ்வுருண்டைகளை மிகுந்த சர்க்கரையும் அழற்சிப் பொருள்களும் கலந்த ஊட்டத்தில் வைத்தனர். சர்க்கரை நோயாளிகளின் நுண்நாளங்களில் காணப்படும் அதே கேடு அங்கேயும் தோன்றியது: அடிச்சவ்வு அளவுமீறித் தடித்தது. சுவர் தடித்த நாளத்தின் வழியே பிராண வாயுவும் ஊட்டமும் தசையைச் சென்றடைவது கடினம். நீரிழிவுக்கென வழங்கப்படும் மருந்துகள் பலவற்றை அவர்கள் அதில் சோதித்தனர். எதுவும் அத்தடிப்பைத் தடுக்கவில்லை. காமா செக்ரிட்டேஸ் என்னும் நொதியை முடக்கும் வேறொரு பொருளே தடுத்தது. அது இன்னமும் ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பே. மருந்துக் கடையில் கிடைப்பதன்று. ஆயினும், சர்க்கரை நோய் நாளத்தின் சுவரில் என்ன செய்கின்றது என்பதை மனித நாளத்திலேயே, எந்த மனிதரையும் வருத்தாமல் காண வழி பிறந்துவிட்டது.

விலங்குகளை வருத்திச் சோதிப்பது பற்றிச் சகோதரிகள் சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். ஃபத்வா கூறுவதற்கான பக்கம் இதுவன்று. ஒன்றை மட்டும் தெரிவிக்கலாம்: புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்குகளில் சோதித்தே ஆக வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திருத்தத்தால் நீக்கியது. இந்தியாவும் 2023 இல் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல்களாலும் சிப்களாலும் செய்யப்படும் மனித மாதிரிகளுக்கு இடமளித்தது. விலங்குச் சோதனை ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வியன்னாவின் உருண்டைகளையும் இறுதியில் எலியில்தானே பதித்துப் பார்த்தனர்!

முடிப்பதற்கு முன், தொப்புள்கொடியைப் பற்றி வேறொரு செய்தி. பிரசவத்திற்குச் செல்லும் குடும்பங்களைத் தனியார் ‘ஸ்டெம் செல்’ வங்கிகளின் முகவர்கள் அணுகுவதை நீங்கள் அறிவீர்கள். ஆய்வுக்கெனக் கொடியைக் கொடுப்பது வேறு. குழந்தையின் எதிர்காலத்திற்கென்று கொடியின் இரத்தத்தைப் பெருந்தொகை கட்டிச் சேமித்து வைப்பது வேறு. முன்னதில் தாயின் எழுத்துப்பூர்வ இசைவு பெறப்பட வேண்டும். அவளிடம் பணம் கேட்கப்படுவதில்லை. பின்னதைப் பொறுத்தவரை, குழந்தையின் சொந்தப் பயன்பாட்டிற்கென அவ்வாறு சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளில் கூறியுள்ளது. இரத்த நோயுள்ள மூத்த பிள்ளை வீட்டில் இருந்தால் நிலை வேறு. அதனை மருத்துவரிடம் கலந்து முடிவு செய்ய வேண்டும். எந்தப் படிவமாயினும், வலி தொடங்கிய பின் நீட்டப்பட்டால் கையெழுத்திடாதீர்கள். சில நாள் முன்னதாகவே வாங்கி வந்து, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதும் படிக்கச் செய்து, கொடி எங்கே போகின்றது, எதற்காகப் போகின்றது என்னும் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.